தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத வண்டி

வண்டி பார்க்க வந்தவர் பானட்டைத் திறக்கவே இல்லை.

ரோகிணிக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது அதுதான். அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் வந்ததும் வராததுமாக பானட்டைத் தூக்கினார்கள். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. இவரோ பழனியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி தாண்டிக்குடிக்குத் தனியாக வந்திருந்தார். அறுபது தாண்டிய ஆள். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் குடை. பெயர் தண்டாயுதபாணி, பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை என்று சொல்லிக்கொண்டார்.

காபிக் களத்தில் நின்ற ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். பச்சை நிறம் வெளுத்து, ஓரங்களில் நசுங்கலுக்குப் பட்டி பூசிய தழும்புகளோடு அது நின்றது. மேலே தார்ப்பாய்ப் படுதா.

"இந்தப் படுதாவ முழுசா எடுத்துறலாங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துறலாங்க. வார அவுத்துப் பின்னாடி சுருட்டிக்கிற வேண்டியதுதான்."

"எடுத்தப்புறம் இந்த வளைஞ்ச கம்பி நிக்குமே?"

"அதுவும் போல்ட்டுதாங்க. கழட்டிறலாம்."

"கழட்டிட்டா தலைக்கு மேல ஒன்னுமே இருக்காதுல்ல?"

"வானம் இருக்கும்" என்றாள் ரோகிணி.

அவர் சிரிக்கவில்லை. "செத்த கழட்டிக் காட்டுறீங்களா?" என்றார்.

ரோகிணி ஸ்பேனரை எடுத்து வந்து கம்பிகளைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவர் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சில்வர் ஓக் மரத்தில் ஒரு மலையணில் தாவியதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு இறங்கினார். மறுபடி ஏறினார். படியின் உயரத்தைக் குடையை வைத்து அளந்தார். "ஒரு முக்காலி போட்டாச் சரியாப் போகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "நானே எடுத்துக்கிறேங்க" என்றார்.

"ஓட்டிப் பாக்கலீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. டிரைவர் இருக்கான்."

"செகண்டு கியர் மட்டும் ஏத்தத்துல சில நேரம் துள்ளிரும். உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். சொல்லாம விக்கக் கூடாது பாருங்க."

"சரிங்க" என்றார், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

ரோகிணியால் அடக்க முடியவில்லை. "எதுக்குங்க வாங்குறீங்க?"

"வீட்டுக்குத்தான்" என்றார் அவர். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அந்த ஜீப்பை விற்க ரோகிணிக்கு மனசே இல்லை. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் கணவர் திருமலைச்சாமி அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. மழை இல்லாத நாளெல்லாம் படுதாவைச் சுருட்டிவிட்டுத்தான் ஓட்டுவாள். மாசி பங்குனியில் காபி பூக்கும்போது பண்ணைக்காடு ரோட்டில் அந்த வாசனைக்குள்ளேயே வண்டி போகும். வாழைத்தார் ஏற்றியிருக்கிறாள். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றியிருக்கிறாள். ஒருமுறை பள்ளத்தில் விழுந்த கன்றுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். ஆனால் இடது முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. கல்லுபோல இறுகிய இந்தக் கிளட்ச்சை இனிமேல் மிதிக்கவே கூடாது என்று திண்டுக்கல்லில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புதிதாக வாங்கியதும் ஜீப்தான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். "துணிக்கூரைதான் வேணும், தகரக்கூரை வேணாம்" என்பதில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். அப்படிப் பிடிவாதம் பிடித்து வாங்கியவள், வண்டி வந்து சேர்ந்தபின் ஒரு நாள்கூடக் கூரையைத் திறக்கவில்லை. எங்கெங்கோ ஜிப்பும் கொக்கியுமாக இருந்தது. திறக்கக் கற்றுக்கொள்ளும் ஆசை வரவில்லை என்பதுதான் உண்மை.

தண்டாயுதபாணியின் டிரைவர் பாலமுருகன் வந்து பழைய ஜீப்பை எடுத்துப் போன அன்று, வளைவில் அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மறைந்தபின்னும் கியர் நறநறத்த சத்தம் கேட்டது.

"அவனுக்குக் கை பழகலைங்க" என்றாள்.

"பழகிக்கிருவான். நீ உள்ள வா" என்றார் திருமலைச்சாமி.

அதன்பிறகுதான் அவளுக்குள் அந்தக் கேள்வி குடைய ஆரம்பித்தது. ஓட்டத் தெரியாத மனிதர். எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அப்படி என்ன சோலி?

"சாமி ஊர்வலத்துக்கா இருக்கும்" என்றார் திருமலைச்சாமி. "இல்லாட்டி மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவாரு."

"வீட்டுக்குன்னாரே."

"ஆளு எதச் சொன்னா என்ன? வித்தாச்சுல்ல."

ஒரு மாதம் கழித்து போன் செய்தாள். "வண்டி எப்படிங்க ஓடுது?"

"நல்லா இருக்குங்க" என்றார் தண்டாயுதபாணி.

போனை வைத்தபின் அவளுக்கு உறைத்தது. ஓடுகிறதா என்று கேட்டால், இருக்கிறது என்கிறார். ஓடவில்லையா? ஓடாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்?

மறுவாரம் பழனிக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். மலைவாழைத்தார்களை வழக்கமாக வியாபாரியே தோட்டத்துக்கு வந்து எடுத்துக்கொள்வார். இந்த முறை தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னாள்.

"மூணு தாரு. இதுக்கு நீ பழனி வரைக்கும் போகணுமா?" என்று திருமலைச்சாமி சிரித்தார்.

"புது வண்டிய மலை ரோட்டுல ஓட்டிப் பழகணும்ல?"

"அந்த வண்டியத் தேடிப் போறேன்னு சொல்லேன்."

வெள்ளனே கிளம்பினாள். பெருமாள்மலையிலிருந்து பழனி ரோட்டில் இறங்கும்போது இடது கால் வேலையில்லாமல் கிடந்தது. மூடிய கூரைக்குள் ஏசி காற்று. வெளியே சவரிக்காடு வந்ததும் போனதும் அவளுக்கு சினிமா பார்ப்பதுபோல இருந்தது.

தார்களை வியாபாரியிடம் இறக்கினாள். வண்டிப் பத்திரத்தில் விலாசம் இருந்ததால் அடிவாரத்தில் தண்டாயுதபாணியின் பஞ்சாமிர்தக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் கடைக்கும் நடுவே திறந்த முற்றம். அந்த முற்றத்தில் அவளுடைய ஜீப் நின்றது. படுதா இல்லை. வளைகம்பி இல்லை. பக்கத்தில் ஒரு முக்காலி. முன் சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

ரோகிணி அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க வேணும்?" என்றார் அந்த அம்மாள், இறங்காமலே.

"தாண்டிக்குடியில இருந்து வர்றேங்க. இந்த வண்டி..."

"அட, வண்டிக்காரத் தங்கச்சியா! வாங்க, வாங்க. ஏங்க, இங்க வந்து பாருங்க யாரு வந்திருக்காகன்னு!"

கடையிலிருந்து தண்டாயுதபாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரோகிணியைப் பார்த்ததும் பொய் பிடிபட்ட பிள்ளைபோல அவர் முகம் ஆகிவிட்டது. "இது என் வீட்டுக்காரி, கந்தம்மாள்" என்றார்.

"இவகளுக்காகத்தான் வாங்குனீங்களா?"

"ஆமாங்க."

கந்தம்மாளே சொன்னார். மறைக்கிற சுபாவம் அவருக்கு இல்லை. கல்யாணமான சில வருஷத்தில், தாராபுரத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போன பஸ் மழையில் வழுக்கிக் கவிழ்ந்தது. காயம் பெரிதாக இல்லை. ஆனால் ஆட்களுக்கு நடுவே சிக்கி, நசுங்கிய கூரை மூக்குக்கு நேரே இருக்க, தூக்கி எடுக்கும்வரை கிடந்தார். அன்றிலிருந்து கூரை போட்ட எந்த வண்டியிலும் அவரால் உட்கார முடியாது. கார், பஸ், ஆட்டோ எதுவானாலும் ஒரு தெரு தாண்டுவதற்குள் மூச்சு முட்டி இறங்கிவிடுவார். இரண்டு சக்கர வண்டியில் பின்னால் உட்காரவும் பயம்.

"வீட்டுக் கூரைக்குக் கீழ இருக்கீங்களே அக்கா?" ரோகிணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அது நகராதுல்ல தங்கச்சி" என்றார் கந்தம்மாள்.

"அப்ப இந்த வண்டியில எங்க போகணும்னு வாங்குனீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கந்தம்மாள் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு முக்காலியில் கால் வைத்து இறங்கினார். "மாடிக்கு வாங்க, காட்டுறேன்."

மொட்டை மாடியிலிருந்து தெற்கே மலைத்தொடர் முழுவதும் தெரிந்தது. கந்தம்மாள் கையை நீட்டினார். "அந்த போன் டவர் தெரியுதா? அதுக்குக் கீழ ஒரு வெள்ளைப் பாறை. பாறைக்கு இடது கைப் பக்கம் பொழுது சாஞ்சா ஒரு லைட்டு எரியும். ரோட்டு லைட்டெல்லாம் வரிசையா இருக்கும். இது மட்டும் ஒத்தையா, கொஞ்சம் மஞ்சளா இருக்கும். நாஞ் சின்னப் புள்ளைல இருந்து இந்த மலையப் பாக்கிறேன், ஒருக்காக்கூட மேல ஏறுனதில்ல. இந்த லைட்டு கொஞ்ச வருஷமாத்தான் எரியுது. யாரு வீடு, அங்க யாரு உக்காந்து என்ன பண்றாகன்னு எனக்குத் தெரியணும்."

"யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

"கேக்காம? ஏதோ வீடும்பாக. இவுக பஸ்ஸுல போயி பாத்துட்டு, பகல்ல ஒன்னும் வெளங்கலைன்னு வந்துட்டாக. இதுல இன்னொன்னு இருக்கு தங்கச்சி. தைப்பூசம் முடிஞ்சதும் கொஞ்ச நாளைக்கு அந்த லைட்டு எரியாது. வருஷா வருஷம் பாக்கிறேன். பூசத்துக்கு எரியுது, முடிஞ்சா அணைஞ்சு போகுது. ஏதோ விரதக்காரவுக வீடோன்னு நெனச்சேன்."

ரோகிணி பாறையைப் பார்த்தாள். டவரைப் பார்த்தாள். அந்த மலை ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். அந்த வெளிச்சம் யாருடையது என்பது மட்டும் தெரியவில்லை. இப்போது அவளுக்கும் தெரிந்தாக வேண்டும்போல இருந்தது.

"ஏங்க, இத என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் தண்டாயுதபாணியிடம்.

"கூச்சமா இருந்துச்சுங்க. பொண்டாட்டி ஒரு லைட்டப் பாக்கணும்னா, அதுக்கு ஜீப்பு வாங்குறேன்னு சொன்னா என்ன நெனைப்பீங்க?"

ஒருமுறை கிளம்பிப் பார்த்தார்களாம். வரதமாநதி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் செகண்டு கியர் துள்ளி, வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டது. கந்தம்மாள் போட்ட கூச்சலில் பாலமுருகன் அப்படியே திருப்பிவிட்டான். அதிலிருந்து வண்டி முற்றத்தில் நிற்கிறது. ஏறி உட்கார்ந்து பழகட்டும் என்று தினமும் வேலையை அதில் வைத்துச் செய்கிறார்.

"என் புது வண்டியும் கூரை தெறக்கிறதுதான்" என்றாள் ரோகிணி. "அதுல போவோம். கியர் தொந்தரவே கிடையாது."

டிரைவர் பாலமுருகனும் வந்து சேர, நால்வரும் புது ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்படித் திறப்பது என்று வண்டிக்காரிக்கே தெரியவில்லை. பாலமுருகன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தான். அதில் ஒருவன் இந்தியில் சொல்லச் சொல்ல, இவர்கள் கொக்கி ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். பின் கண்ணாடியின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. கந்தம்மாள் உள்ளே போய் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவ, வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் கூரை விசிறி மடிப்பதுபோல மடிந்து பின்னால் விழுந்தது. கந்தம்மாள் கைதட்டினார்.

கைதட்டிவிட்டு மேலே பார்த்தார். துணி போனபின்னும், வண்டி உருண்டால் தலையைக் காக்கும் பருமனான இரும்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன.

"இதக் கழட்ட முடியாதா?"

"இது வண்டியோட சேந்தது அக்கா. கழட்டக் கூடாது."

கந்தம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். "வேணாம் தங்கச்சி. கூரையத்தான் எடுத்திருக்கு, அதோட எலும்பு அங்கேயே கெடக்கு."

ரோகிணி திரும்பிப் பழைய ஜீப்பைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. திருமலைச்சாமி என்ன சொல்வார் என்பதும்.

"சாவியக் கொடுங்க" என்றாள்.

கந்தம்மாள் முன்னால், தண்டாயுதபாணியும் பாலமுருகனும் பின்னால். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கை தானாக அதன் இடத்துக்குப் போனது. முதல் மிதியிலேயே முழங்காலில் சுருக்கென்றது. அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்து பார்க்கும்படி பாலமுருகனிடம் சொன்னாள். "கியரத் தள்ளிட்டு விட்றாதப்பா. உள்ளங்கை இப்படி. தூக்கம் பிடிச்ச மாட்டத் தட்டி ஓட்டுற மாதிரி, விரட்டாம, ஆனா விடாம." கியர் ஒருமுறை துள்ளப் பார்த்தது. விடவில்லை. கந்தம்மாள் கதவுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"அக்கா, கண்ணத் தெறங்க. மேல பாருங்க."

திறந்தார். இருபுறமும் மரங்கள், நடுவில் வானம் ஒரு வாய்க்கால்போல ஓடியது. கொஞ்ச தூரம் அண்ணாந்தபடியே வந்தார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அது என்ன மரம், இந்தத் தண்ணி எங்கிருந்து வருது, அந்தக் குருவி ஏன் மனுசன் விசிலடிக்கிற மாதிரி கத்துது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு ரோகிணிக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை வருஷம் ஓட்டியவள், அதையெல்லாம் யாரையும் கேட்டதில்லை.

ஒரு வளைவில் மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. வண்டி அதற்குள் நுழைந்ததும் மேலே வெள்ளையாக மூடிக்கொண்டது. கந்தம்மாளின் மூச்சு வேகமாவது ரோகிணிக்குக் கேட்டது. பின்னாலிருந்து தண்டாயுதபாணி மனைவியின் தோளில் கை வைத்தார்.

"கைய மேல நீட்டிப் பாருங்க அக்கா."

கந்தம்மாள் கையை மெல்ல உயர்த்தினார். விரல்கள் வெள்ளைக்குள் போயின. எதிலும் முட்டவில்லை. இன்னும் உயர்த்தினார். "ஈரமா இருக்கு" என்றார். "ஒன்னுமே இல்ல, ஈரமாத்தான் இருக்கு." மேகத்தைத் தாண்டும்வரை கையை இறக்கவே இல்லை.

டவருக்குக் கீழே ரோட்டோரம் ஒரு டீக்கடை இருந்தது. ரோகிணி எத்தனையோ தடவை அதைக் கடந்துபோனவள்தான், நின்றதில்லை. கடைக்குப் பின்னால் சரிவில் வெள்ளைப் பாறை தெரிந்தது. கடையை நடத்துகிற பொன்னுத்தாய் நாலு டீ போட்டுக்கொடுத்தார்.

"இந்தப் பாறைப் பக்கம் ஏதாச்சும் வீடு இருக்காம்மா? சாயந்தரம் லைட்டு எரியுமே" என்று கேட்டாள் ரோகிணி.

"அங்க ஏது வீடு? அது நம்ம கோழிக்கூண்டு" என்றார் பொன்னுத்தாய். "மரநாய் வந்து ரெண்டு மூணத் தூக்கிட்டுப் போயிருச்சு. அதான் குண்டு பல்பு ஒன்னத் தொங்கவிட்டிருக்கேன். வெளிச்சத்துக்கு வராது."

கந்தம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கோழிக்கூண்டா?"

"ஆமா. ஏன்?"

"பூசம் முடிஞ்சா எரியாதே?"

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?" பொன்னுத்தாய்க்கு இப்போது ஆச்சரியம். "பூசம் வரைக்கும் ஊரே விரதம், ஒரு கோழி விக்காது. முடிஞ்ச மறுநாளு மாலையக் கழட்டிட்டு வந்து நிப்பாக. கூண்டே காலியாயிரும். காலிக் கூண்டுக்கு எதுக்கு லைட்டு?"

முதலில் சிரித்தது தண்டாயுதபாணிதான். பயந்துகொண்டே மனைவியைப் பார்த்தார், ஏமாந்து போயிருப்பாரோ என்று. கந்தம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப்போய், கோழிகளையும் பல்பையும் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அங்கிருந்து பழனி தெரிந்தது. முருகன் மலை ஒரு சின்னக் கூம்பாக இருந்தது. தன் மொட்டை மாடி எது என்று தேடித் தேடிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இந்தக் கூட்டத்துல நம்ம வீடு எதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார் கந்தம்மாள். அதிலும் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

இறங்கும்போது ரோகிணியின் முழங்கால் மடங்க மறுத்தது. பாலமுருகன் ஓட்டினான். ரோகிணி பின் சீட்டில் உட்கார்ந்தாள். சொந்த வண்டியாக இருந்தவரை அவள் ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. முதல் இரண்டு வளைவுகளில் வாய் துடித்தது, கியரைப் பற்றி ஏதாவது சொல்ல. அப்புறம் அவன் உள்ளங்கை சரியான இடத்தில் இருப்பதைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இது இனி தன் வண்டி இல்லை என்று அப்போது நினைத்தாள்.

மத்தியானம் புது ஜீப்பில் தனியாக மலையேறினாள். கூரையை மூடத் தெரியாததால் திறந்தபடியே ஓட்டினாள். வெயில் கம்பிகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மடியில் விழுந்தது. பண்ணைக்காடு தாண்டியதும், மறந்துபோய் ஓடவிட்டிருந்த ஏசியை அணைத்தாள். வண்டி சத்தமே இல்லாமல் போனதால், விசிலடிக்கும் அந்தக் குருவி எந்தப் பக்கமிருந்து கத்துகிறது என்று முதன்முறையாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. நிறுத்தித் தேடினாள். ஓடைப் பாறையில் கருநீலமாக உட்கார்ந்திருந்தது.

மூன்று நாள் அவளால் சரியாக நடக்க முடியவில்லை. திருமலைச்சாமி உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "கோழிக்கூண்டா?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் கந்தம்மாளிடமிருந்து போன் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினார்.

"தங்கச்சி, பெருமாள்மலையில நிக்கிறோம். இங்க ரோடு ரெண்டாப் பிரியுது. வலது கைப் பக்கம் கொடைக்கானலாம், இவுக சொல்றாக. இடது கைப் பக்கம் போனா என்ன வரும்?"

"வாழத்தோப்பு வரும், காபித் தோட்டம் வரும், அப்புறம் எங்க வீடு வரும்" என்றாள் ரோகிணி.

"கொடைக்கானல்ல என்ன இருக்கு?"

"ஏரி இருக்கு. கூட்டம் இருக்கு."

அந்தப் பக்கம் தண்டாயுதபாணியோடு ஏதோ ஆலோசனை நடந்தது. பாலமுருகன் எஞ்சினை உறுமவிடும் சத்தம் கேட்டது.

"ஏரி எங்க போயிரப் போகுது" என்றார் கந்தம்மாள். "காபிச் செடிய நான் பாத்ததே இல்ல. இடது பக்கமே வர்றோம்."